லிஸ்ட் விலைக்கு யாராவது வாங்குவார்களா

என் மருமகளின் கைக்கு வந்துவிட்ட பொருளை வாங்கி, மறுபடியும் கடைக்காரரின் மேசைமேல் வைத்தவன் நான். இதைச் சொல்லாமல் எழுதத் தொடங்குவது முறையாகாது. பின்னால் யார் யார்மீதோ கோபப்பட்டேன். அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் இறைவனிடம் வேண்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் முதல் பிழை என்னுடையது.

மருமகள் கணினியில் உருவம் செய்கிறவள். விருத்தாசலத்தில் மண்ணைப் பிசைந்து உருவம் செய்வோர் உண்டு, அச்சில் வார்ப்போர் உண்டு. இவள் திரையில் செய்கிறாள். கைகழுவும் தொட்டி, பூச்சாடி, கோப்பை என்று பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனம் கேட்பவற்றை எல்லாம், சூளைக்குப் போவதற்கு முன்பே போய்வந்தது போன்ற மெருகோடு, ஒளியும் நிழலும் விழ, நாலாபக்கமும் திருப்பிப் பார்க்கும்படி வரைந்து அனுப்புவாள். வீட்டின் பின்னறைதான் அவளுக்கு அலுவலகம். அவள் மாதச் சம்பளக்காரி அல்லள். செய்த வேலைக்குக் கூலி. ஆகவே கருவி அவளுடையதாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கணினிக்குள் படம் வரைவதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்று ஓர் உறுப்பு இருக்கிறது. பெயரைக் கேட்டு ஏதோ தபால் அட்டை அளவில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். செங்கல்லைவிட நீளம், அடியில் இரண்டு விசிறிகள். அவளிடம் இருந்தது பழையது. ஒருநாள் காலை திரை முழுதும் கோடு கோடாகி, பிறகு இருண்டு, அது நின்றுபோயிற்று. அந்த வாரமே பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. வரும் முதல் தேதியிலிருந்து புதிய வேலை ஆரம்பம். அன்று காலை ஒரு சோதனைக் கோப்பு வரும். ஒரு மணி நேரத்துக்குள் அதைப் படமாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அதைத் தாங்கும் கணினி இல்லாதவர்கள் பெங்களூர் அலுவலகத்துக்கு வந்து அங்கே உள்ளவற்றில் வேலை செய்யலாம்.

என் மகன் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலையில் இருக்கிறான். பேத்தி இங்கே மூன்றாம் வகுப்பு. மருமகள் பெங்களூர் போனால் குடும்பம் மூன்று துண்டாகும். போகாவிட்டால் ஐந்து ஆண்டுகளாக அவள் தன் கையால் கட்டிய வேலை போய்விடும். எல்லாம் அந்தச் செங்கல்லைப் பொறுத்து நின்றது.

கடைவீதியில் கணினி விற்பவரிடம் இரண்டு கார்டுகள் வந்திருப்பதாகத் தெரிந்து போனோம். நானும் உடன் போனதற்குக் காரணம், நான் வியாபாரம் தெரிந்தவன் என்று எல்லோரும் நம்பியது. நானும் நம்பினேன்.

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். "நேத்துதான் வந்துதுங்க. ரெண்டே பீஸு. கம்பெனி சொன்ன வெலை முப்பத்தொம்போதாயிரத்து தொள்ளாயிரம். அதே வெலைக்கு எடுத்துக்கங்க" என்றார்.

"லிஸ்ட் வெலைக்கா?" என்றேன்.

"ஆமாங்க ஐயா."

"லிஸ்ட் வெலைக்கு யாராவது வாங்குவாங்களாய்யா?"

இப்படி நான் கேட்டதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில், வீட்டு மின்பெட்டிக்குள் மாட்டும் பியூஸ் கட்டை செய்கிற ஒரு சிறு ஆலையில் விற்பனைப் பொறுப்பில் இருந்தவன் நான். எங்கள் தொழிலில் லிஸ்ட் விலை என்பது குறைப்பதற்காகவே அச்சிடப்படுவது. மொத்தக் கடைக்காரருக்கு அதில் பாதி கழியும். சில்லறைக் கடைக்குக் கொஞ்சம் குறைவாகக் கழியும். லிஸ்டில் உள்ளபடி பணம் எடுத்துவைக்கிறவரை நாங்கள் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்போம், மறுபடியும் அவர் வர வேண்டும் என்பதற்காக. விலை பேசுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வாங்குபவர் தம் விலையைச் சொல்லிவிட்டுப் பொருளை மேசைமேல் வைப்பார். வெளியே நடப்பார். அவர் கடைப்படியின் கடைசிக் கல்லில் கால் வைக்கும்போது விற்பவர், "ஐயா, வாங்க, உங்களுக்காக" என்பார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அப்படிக் கூப்பிடாத ஒரு வியாபாரியையும் நான் கண்டதில்லை. நானும் கூப்பிடாமல் இருந்ததில்லை.

"முப்பத்திரெண்டு. அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல" என்று சொல்லி, மருமகள் கையிலிருந்த கார்டை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஐயா, இது பியூசு கட்டை இல்லீங்க. இதுல எனக்கு நிக்கிறதே ஆயிரம் ரூவாதான்."

"எல்லாரும் சொல்றதுதான்யா அது. நானும் சொல்லியிருக்கேன்."

மருமகள் தாழ்ந்த குரலில், "மாமா, நெட்லயும் இதே வெலைதான் போட்டிருக்காங்க. எடுத்துடலாம் மாமா" என்றாள்.

"நீ பேசாம வாம்மா."

படியிறங்கினோம். கடைசிக் கல்லில் கால் வைத்தேன். பின்னாலிருந்து குரல் வரவில்லை. தெருமுனை வரைக்கும் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன், அவருக்கு அவகாசம் கொடுப்பதற்காக. மருமகள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். "நாளைக்குப் போன் பண்ணுவாரு பாரு" என்று அவளைத் தேற்றினேன். அன்று சாயங்காலமே திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு கல்யாண வீடியோக்காரர் இரண்டு கார்டுகளையும் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது அடுத்த நாள் நானே போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"கோயில்ல பாடறதுக்கு மட்டும் வாயத் தொறங்க, போதும்" என்றாள் என் மனைவி. அன்றைக்கு என்னோடு அவள் பேசிய ஒரே வாக்கியம் அது.

நான்கு நாள் கழித்து அதே கடைக்காரர், "ஒன்னு வருதுங்க, நாப்பத்தாறாயிரத்து ஐநூறு ஆவும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே பொருள், அதே பெட்டி, அதே இரண்டு விசிறி. அந்த நான்கு நாளில் கார்டு என்ன தவம் செய்தது? "அறிவிச்ச வெலை முப்பத்தொம்போதுதானே?" என்று கேட்டேன். "அறிவிச்சவங்ககிட்டயே போய் வாங்கிக்கங்க ஐயா" என்றார். அதில் கேலி இல்லை, சலிப்புத்தான் இருந்தது. "கார்டுக்குள்ள வைக்கிற மெமரி கெடைக்கலீங்க. ஏ.ஐ.க்குன்னு பெரிய கம்பெனிக்காரங்க மொத்தமா அள்ளிக்கிட்டுப் போறாங்க. நமக்கு வர்றது சிந்துனதுதான்." அதற்கடுத்த வாரம் ஐம்பத்தோராயிரம்.

மருமகள் தன் கைப்பேசியில் ஒரு பக்கத்தைக் காட்டினாள். செய்த நிறுவனத்தின் பக்கம். படம் பளபளவென்று இருந்தது; கீழே முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எந்த வெட்கமும் இல்லாமல் போட்டிருந்தது; அதற்கும் கீழே சிறிய எழுத்தில், கையிருப்பு இல்லை. மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும் பார்த்தேன். கையிருப்பு இல்லை. விலை மட்டும் இருந்தது. கிடைக்காத பொருளுக்கு எழுதிய விலை எப்படி விலையாகும்? அந்த எண்ணைப் பார்த்துத்தான் உலகம் முழுதும் "பரவாயில்லையே, நியாயமாக வைத்திருக்கிறார்களே" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவராவது அந்த விலைக்குக் கையில் வாங்கினார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி என்று கடை கடையாகப் போன் செய்தேன். ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலை. "இப்ப சொல்றது இப்பத்தாங்க. சாயங்காலம் கேட்டா வேற சொல்லுவேன்" என்றார் ஒருவர், ஏதோ நேர்மையாளர்போல. சந்தையில் கத்தரிக்காய் விலையும் மாறும். ஆனால் காலையில் இருந்த விலை மாலையில் இறங்கும், காய் வாடுகிறது என்பதால். வாடவும் செய்யாத, வளரவும் செய்யாத ஒன்று பெட்டிக்குள் கிடந்தபடியே மணிக்கு மணி விலை ஏறுகிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் தினமும் மாலையில் பதிகம் ஓதுகிற ஆறேழு பேரில் நானும் ஒருவன். இறைவனிடம் பொன் பெற்ற அடியார் ஒருவரின் கதை இவ்வூருக்கே உரியது. அந்தப் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டு, எங்கோ தொலைவில் வேறோர் ஊர்த் திருக்குளத்தில் எடுத்தார் அவர். எடுத்ததை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை. உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. கொடுத்தவன் இறைவனே ஆயினும் குறை குறைதான் என்று நின்று கேட்டார். சரியான பிறகே எடுத்துப் போனார். சிறு வயதிலிருந்து அந்தக் கதையைக் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிறேன். இறைவனிடமே மாற்று உரைத்துப் பார்க்கலாம் என்றால், ஒரு கடைக்காரனிடம், "நீ சொன்ன விலை எங்கே, கேட்கிற விலை எங்கே" என்று கேட்பது எப்படிக் குற்றமாகும்? நாட்கள் குறையக் குறைய இந்த எண்ணம் என் கோபத்துக்கு ஒரு பக்தியின் மினுமினுப்பையும் கொடுத்தது. ஓதும்போது பண் தவறியது. பக்கத்தில் இருந்தவர், "என்னாங்க, பாட்டுல சண்டை போடற மாரி இருக்குது?" என்று கேட்டார்.

முதல் தேதிக்கு மூன்று நாள் இருந்தபோது சென்னையில், கணினிப் பொருள்களுக்கென்றே உள்ள தெருவில் ஒரு கடையில், "லிஸ்ட் வெலைக்கே இருக்கு, வாங்க சார்" என்று போனில் சொன்னார்கள். "கொஞ்சம் ரொக்கமும் கையில கொண்டாந்துடுங்க" என்றும் சொன்னார்கள். அது எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை ரயிலில் நானும் மருமகளும் புறப்பட்டோம். எழும்பூர் வரைக்கும் நான் அவளுக்கு நியாயம் கடைசியில் எங்கேனும் ஓரிடத்தில் கிடைத்தே தீரும் என்று விளக்கிக்கொண்டு வந்தேன். அவள் சன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் விலைகளைப் பார்த்துக்கொண்டே, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள்.

கடை மாடியில் இருந்தது. கல்லாவில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. அவர் தலைக்கு மேல் இறைவன் படம். அதற்குப் புதிய மாலை. பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நல்ல இடத்துக்குத்தான் வந்தோம் என்று மருமகளிடம் கண்ணால் சொன்னேன்.

"கார்டு முப்பத்தொம்போது தொள்ளாயிரம்தான் சார்" என்றார் அவர். "ஆனா தனியாத் தர்றதில்ல. கூட ஒரு பவர் சப்ளை, ஒரு கேபினெட்டு எடுக்கணும். மொத்தம் அறுபத்தொன்னு ஆகும்."

"எங்களுக்கு அதெல்லாம் வேண்டாங்க. கம்ப்யூட்டர் கூடும் அதுக்குக் கரண்டு குடுக்கற பெட்டியும் வூட்டுல இருக்குது."

"இருக்கட்டும் சார். இன்னொன்னு வச்சுக்கங்க."

"வேண்டாததை எதுக்குய்யா வாங்கணும்?"

"வேண்டியதைத் தரணும்ல நாங்க?" என்றார்.

அரிசி கேட்டு வந்தவனிடம் உரலையும் சேர்த்து வாங்கினால்தான் அளப்பேன் என்று எங்கள் ஊரில் ஒருவன் சொன்னால் என்ன நடக்கும்? நான் குரலை உயர்த்தினேன். அறிவித்த விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி, அதில் ஒட்டியிருந்த சிறு தாளை என் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். அதிகபட்சச் சில்லறை விலை எழுபத்தெட்டாயிரம் என்று அச்சிட்டிருந்தது.

"படிங்க சார். சட்டம் இதுதான். இதுக்கு மேல ஒத்தப் பைசா வாங்குனா நீங்க என்னை உள்ள தள்ளலாம். இதுக்குக் கீழ எவ்வளவு வாங்கறதும் என் இஷ்டம். பார்க்கப்போனா உங்களுக்கு நான் டிஸ்கவுண்டுதான் குடுக்கறேன்."

ஊருக்குச் சொல்ல ஒரு விலை, பெட்டியில் ஒட்ட ஒரு விலை. ஒன்று செய்த நிறுவனத்தின் பெருந்தன்மையைக் காட்டுவதற்கு. மற்றொன்று கடைக்காரரின் கொள்ளையைச் சட்டத்துக்குள் நிறுத்துவதற்கு. இரண்டையும் அச்சிட்டது ஒரே கை. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, அது எனக்கு மிகவும் பழக்கமான தாள் என்பதை உணர்ந்தேன். ஆலையில் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். பதினெட்டு ரூபாய்க்கு விற்க வேண்டிய கட்டைக்கு நாற்பது என்று போடுவேன். எலக்ட்ரீசியன் அந்தப் பட்டியலை வீட்டுக்காரரிடம் விரித்துக் காட்டி, "நாப்பது ரூவா சாமான், உங்களுக்காக முப்பத்தஞ்சு" என்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். எங்கள் கட்டை அதிகம் விற்க அதுவும் ஒரு காரணம். காலையில் குளித்து, திருநீறு பூசி, ஒரு பதிகம் முழுதாக ஓதிவிட்டுத்தான் தட்டச்சுப் பொறியின் முன் உட்காருவேன். எனக்கெதிரே நெற்றி நிறைய நீற்றோடு உட்கார்ந்திருந்தவர் அன்று எனக்கு அந்நியராகத் தெரியவில்லை. அதனாலேயே அவர்மேல் என் கோபம் இரண்டு மடங்காயிற்று.

"இந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துக்கிட்டு இப்படிப் பேச உங்களுக்கு..." என்று தொடங்கினேன்.

"மாமா" என்றாள் மருமகள். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

பதினோரு ஆண்டுகளில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கல்லாக்காரர் மேசைமேல் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். நான் படியிறங்கித் தெருவில் நின்றேன். வெயில் சுள்ளென்று இருந்தது. இருபுறமும் ஒயர்களும் பெட்டிகளும் தொங்க, ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். "என்னா வேணும் பெரியவரே, கேமராவா, டிவியா?" என்று ஒருவர் பின்தொடர்ந்து வந்து கேட்டார். "நியாயம்" என்றேன். "அது உள்ள தள்ளி, நாலாவது கடை" என்றார் அவர், சற்றும் தயங்காமல்.

கால்மணி கழித்து மருமகள் இறங்கி வந்தாள். கையில் பெட்டி இருந்தது. பவர் சப்ளையும் இல்லை, கேபினெட்டும் இல்லை.

"அம்பத்திநாலு மாமா. கார்டு மட்டும். வாங்க, ரயிலுக்கு நேரமாவுது."

பதினான்காயிரத்துச் சொச்சம் கூடுதல். அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதை அந்தக் கால்மணி வெயில் எனக்குச் சொல்லியிருந்தது. பெட்டியை நான் சுமக்கிறேன் என்று வாங்கினேன். மேலே மடித்துச் செருகியிருந்த பில் என் விரலில் பட்டது. பிரித்தேன். முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று போட்டிருந்தது.

ரொக்கம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. லிஸ்ட் விலை மட்டும் போன் வழியாக வங்கியிலிருந்து போயிருக்கிறது. மிச்சம் கையில் போயிருக்கிறது. கையில் போனதற்குத் தாளில் இடம் இல்லை. ஆக, நாளைக்கு யார் வந்து எந்தக் கடையின் பில்லைப் புரட்டினாலும், இந்த நாட்டில் எல்லோரும் லிஸ்ட் விலைக்கே வாங்கினார்கள், ஒருவரும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கவில்லை என்றுதான் இருக்கும். செய்த நிறுவனம் சொன்னதும் உண்மையாகிவிடும், கடைக்காரரும் உத்தமராகிவிடுவார். பொய்யைச் சொன்னவர்களுக்குச் சாட்சியாக நம்மையே கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள்.

மருமகள் கூப்பிடக் கூப்பிட நான் திரும்பி மாடியேறினேன்.

"ஏங்க, வாங்குனது ஒன்னு, பில்லு ஒன்னா? கையில வாங்குன வெலைக்குப் பில்லு போடுங்க" என்றேன்.

"அதுக்கெல்லாம் பில்லு கெடையாது சார். பேசுனது அந்தம்மாகிட்ட. அவங்க ஒத்துக்கிட்டுத்தானே எடுத்தாங்க?"

"நான் ஒத்துக்கல."

"அப்ப வச்சிட்டுப் போங்க. பணத்தைத் திருப்பித் தந்துடறேன்." எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

வைத்த கை இன்னும் அதன்மேல் இருக்கும்போதே மருமகள் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது என்னுதுங்க. எடுத்தாச்சு" என்று கல்லாக்காரரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"ஒன்னாந்தேதி நாளன்னிக்கு மாமா. கார்டு இல்லாம வூட்டுக்குப் போனா நான் பொட்டி கட்டணும். உங்க பேத்திக்குத் தல பின்னி விடறது அப்புறம் நீங்கதான்."

நின்றிருந்த இருவரில் ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இறைவன் படத்தை நோக்கி ஒருமுறை கைகூப்பினேன். படத்துக்குக் கீழே இருந்தவர் தமக்கென்று நினைத்துத் தாமும் கைகூப்பினார். அந்த அவமானத்தோடு இறங்கினேன்.

திரும்பும் ரயிலில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உறங்கிப்போனாள். நான் விழித்திருந்தேன். அந்த நேரத்துக்கு எங்கள் கோயிலில் மாலைப் பதிகம் தொடங்கியிருக்கும். வாய்க்குள்ளேயே ஓதிப் பார்த்தேன். இரண்டாம் அடிக்கு மேல் போகவில்லை. பில்லில் இருந்த எண் வந்து குறுக்கே நின்றது.

முதல் தேதி காலை ஒன்பது மணிக்குப் பெங்களூர்க் கோப்பு வந்தது. நாங்கள் எல்லோரும் பின்னறை வாசலில் நின்றோம். அன்று மகனுக்கும் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டில் இருக்க வாய்த்தது. கார்டின் விசிறிகள் முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் சுழன்றன. திரையில் புள்ளி புள்ளியாக ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டி, பனியிலிருந்து வெளிப்படுவதுபோல் வந்தது. இருபத்தாறு நிமிடம். பத்தரை மணிக்குப் பெங்களூரிலிருந்து பதில் வந்தது. அவள் இங்கேயே இருந்து செய்யலாம். என் மனைவி பாயசம் வைக்கப் போனாள். மகன் நின்றபடியே கொட்டாவி விட்டுவிட்டு உறங்கப் போனான்.

எனக்குக் கோபம் போகவில்லை. போகாது என்று தெரிந்ததால், அதற்கு ஒரு வடிவம் கொடுக்க உட்கார்ந்தேன். நுகர்வோர் குறை கேட்கும் அலுவலகத்துக்கு ஒரு மனு. அறிவிக்கும் விலையையே பெட்டியிலும் ஒட்ட வேண்டும். கையிருப்பு இல்லாத விலையை அறிவிக்கக் கூடாது. வேண்டாததை வாங்கினால்தான் வேண்டியதைத் தருவேன் என்பதைத் தடுக்க வேண்டும். இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆதாரமாகப் பில்லின் நகலை இணைக்க எடுத்த கை அப்படியே நின்றது. என் குற்றச்சாட்டு முழுவதையும் அந்தப் பில் ஒரே வரியில் மறுத்தது. லிஸ்ட் விலைக்கு வாங்கியிருக்கிறீர்களே ஐயா, இன்னும் என்ன குறை என்று எந்த அதிகாரியும் கேட்பார். அதனால் மனுவில் இன்னொரு பத்தி சேர்த்தேன். இணைத்திருக்கும் பில்லில் உள்ள தொகை உண்மையன்று; உண்மையில் கொடுத்தது ஐம்பத்து நாலாயிரம்; இதற்கு எங்கள் சொல் அன்றி வேறு சான்று இல்லை. நானும் ஒரு காலத்தில் இத்தகைய பட்டியல்கள் தட்டச்சு செய்தவன் என்பதையும் எழுத நினைத்தேன். மனுவில் அதற்கு இடமில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

பில் மருமகள் பெயரில் இருந்ததால் மனுவிலும் அவள்தான் கையெழுத்திட வேண்டும். பின்னறைக்குக் கொண்டுபோனேன். திரையில் ஒரு கோப்பை நின்றிருந்தது. அதற்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. அவள் மனுவை வாங்கி முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். பேனா தாளைத் தொடாமல் நின்றது.

"மாமா, இதுல ஒரு தப்பு இருக்குது."

"எங்கம்மா?"

"தொகை." அவள் என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்பத்தாறாயிரத்து ஐநூறு மாமா. உங்களுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு கொறச்சுச் சொன்னேன். அன்னிக்கே நெசத்தச் சொல்லியிருந்தா நீங்க ரயிலேறி வந்திருப்பீங்களா?"

யோசித்தேன். வந்திருக்க மாட்டேன்.

"வூட்டுல எல்லார்க்கும் இதான் சொன்னியா?" என்று கேட்டேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எங்கிட்ட அன்னிக்கே நெசத்தச் சொல்லிட்டா. உங்களுக்குத்தான் வேற லிஸ்ட்டு."

எண்ணை அடித்து மேலே திருத்தலாம் என்று மருமகள் சொன்னாள். அடித்தல் திருத்தல் உள்ள மனுவை அலுவலகத்தில் வாங்கமாட்டார்கள் என்று சொல்லி, தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து மறுபடி எழுதினேன். ஐம்பத்தாறாயிரத்து ஐந்நூறு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். அவள் இன்னொரு முறை முழுதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதைக் காதோரம் செருகிக்கொண்டு, கோப்பையின் கைப்பிடியை வளைக்கத் திரும்பிவிட்டாள்.